புஷ்பம் சொன்னதும் நான் சொல்லாததும்

நோரா மிஸ்ஸின் கடிதம் வந்த அன்று பிள்ளைக்காம்பராவில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்வோம். அதற்குப் பொறுப்பு நான். அன்றைக்குப் பதினெட்டுப் பிள்ளைகள். ஒன்று வீரிட்டு அழுகிறது, இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் காதைக் கடிக்கிறது, நானோ ஜன்னலோரம் நின்று ஒரு நீல உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம். "அன்புள்ள கோகிலா, எனக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். பெயர் ஈவா. ஏழு மாதம். பெப்ரவரியில் அவளையும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வருகிறேன். எல்லோரையும் பார்க்க வேண்டும். முக்கியமாகப் புஷ்பத்தை. முன்பு போல நீதான் எனக்காகப் பேச வேண்டும்."

அந்தக் கடைசி வரியை என்னால் தாண்ட முடியவில்லை. முன்பு நான் எப்படிப் பேசினேன் என்று நோரா மிஸ்ஸுக்கும் தெரியாது, புஷ்பத்துக்கும் தெரியாது. புஷ்பம் மிஸ்ஸிடம் சொல்லச் சொன்ன ஒன்றை நான் சொல்லாமல் விட்டேன். அதற்கு ஐந்தாம் நாள் புஷ்பத்தின் பிள்ளை செத்துப்போனது. எட்டு வருடமாக அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சோறு தின்று, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஊரில் நல்ல பெயரும் வாங்கிவிட்டேன். இப்போது அந்த இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து நடுவில் நான் நிற்க வேண்டுமாம்.

தெரணியகலை பஸ் நிற்கும் சந்தியிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேர ஏற்றம். கீழே இறப்பர், மேலே தேயிலை. தொண்ணூற்று நான்காம் வருடக் கடைசியில் நான்கு வெள்ளைக்காரர்கள் அங்கே வந்து குடியேறினார்கள். தோட்டங்களைக் கம்பெனிக்காரர் எடுத்துச் சில வருடம் ஆகியிருந்தது. பெரிய கிளாக்கர் இருந்த வீடு சும்மா கிடந்ததால் அதை அவர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண், ஒவ்வொருவர் ஒவ்வொரு நாடு. சம்பளம் இல்லாமல் வேலை செய்ய வந்தவர்கள் என்றால் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் ஒருவரும் நம்பவில்லை. "அங்க என்னாத்த செஞ்சிப்புட்டு ஓடியாந்தாங்களோ" என்று வெகுநாள் சந்தேகப்பட்டார்கள். அந்த நால்வரில் ஒருவர்தான் நோரா மிஸ், அயர்லாந்துக்காரி, இருபத்தாறு வயது. பிள்ளைகளின் சாப்பாடும் நிறையும் அவர் பொறுப்பு.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன். தெரணியகலையில் ஒரு கன்னியாஸ்திரியிடம் ஆங்கிலம் படித்திருந்தேன். தோட்டத்தில் அதற்கு முன் இங்கிலீஷ் பேசிய தமிழ்ப் பெட்டை கிடையாது. மிஸ் என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். வாய் அவருடையது, மொழி என்னுடையது. லயம் லயமாகப் போவோம். நான் குடை பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பேன். தாய்மார் எழுந்து நிற்பார்கள். யாருக்காக எழுந்தார்கள் என்று யோசிக்கிற அறிவு எனக்கு இல்லை. எனக்குத்தான் எழுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தலைக்கனம் இல்லாமலிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

பிள்ளைக்காம்பராவின் கூரை வளையில் ஒரு தராசு தொங்கும். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளைத் துணித்தொட்டிலில் போட்டு நிறுப்போம். எங்கள் பெண்களுக்கு அது துப்புரவாகப் பிடிக்காது. பிள்ளையின் கனத்தை வாய்விட்டுச் சொன்னால் கண் படும் என்பார்கள். மிஸ் மெதுவாகப் பேசிப் பேசி அவர்களை வரவழைத்தார். முதலில் வந்தவள் புஷ்பம்.

புஷ்பத்துக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்தவன் சுமன். பிறக்கும்போது இரண்டு கிலோ. பிழைக்குமா என்று டிஸ்பென்சரியில் தலையைச் சொறிந்தார்கள். புஷ்பம் மிஸ் சொன்னபடியெல்லாம் செய்தாள். பால், பருப்பு, கீரை மசியல், முட்டை மஞ்சள். எட்டாம் மாதம் தராசு முள் எட்டைத் தாண்டியபோது மிஸ் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். புஷ்பம் மட்டும் சட்டென்று பிள்ளையை அள்ளி மாராப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்து ஜூலையில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி ஒன்று வைத்தோம். யோசனை மிஸ்ஸுடையது. கொழும்பிலிருந்து, மிஸ்ஸையும் மற்றவர்களையும் அனுப்பிய நிறுவனத்துப் பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள். எனக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. எல்லாம் நல்லபடி நடந்தால் என்னைப் பயிற்சிக்கு அனுப்பி, பிள்ளைக்காம்பராவில் நிரந்தர வேலைக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். பரிசு சுமனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன்தான் காட்டுவதற்கு இருந்த பிள்ளை.

போட்டியன்று விடிந்ததிலிருந்து மழை. ஆறரை மணியிருக்கும். நானும் மிஸ்ஸும் அவர்கள் வீட்டு வாசலில் காகிதப்பூ வெட்டிக்கொண்டிருந்தோம். புஷ்பம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தனியாக ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"கோகிலா, புள்ளைக்கு ரெண்டு நாளா சளி கட்டியிருக்கு. ராவெல்லாம் நெஞ்சு கர்ருகர்ருங்குது. இந்த மழையில தூக்கிட்டு வரப் பயமா இருக்கு. வேற புள்ளைய வைக்கச் சொல்லு. கோவிச்சுக்க வேணாம்னு மிஸ்கிட்ட சொல்லு."

மிஸ் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தை எட்டு வருடம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். நெஞ்சறிந்து கொடுமை எதுவும் நினைக்கவில்லை. இந்த ஊர் மழையில் சளி இல்லாத பிள்ளை எது என்று நினைத்தேன். கொழும்புக்காரர்கள் வந்துகொண்டிருப்பார்களே என்று நினைத்தேன். என் வேலையை நினைத்தேன். வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"பிள்ளையை எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறாள் மிஸ். ரொம்பச் சந்தோஷமாம்."

மிஸ் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்து புஷ்பத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழில் எண் மட்டும் நன்றாக வரும். முகமெல்லாம் சிரிப்பாக, "பத்து மணி! பத்து மணி!" என்றார்.

புஷ்பம் திகைத்து என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு பொய்யும் சொன்னேன். "கட்டாயம் வரணுமாம்க்கா. சுமன் இல்லாம நடத்த ஏலாதாம்." அவள் சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

பத்து மணிக்குப் பிள்ளையோடு வந்தாள். மேலே இரண்டு துவாய் சுற்றியிருந்தாள். போட்டோவுக்கு நன்றாயிராது என்று துவாய்களைக் கழற்றியது நான். கன்னத்தில் வைத்திருந்த கறுப்புப் பொட்டை என் கைலேஞ்சியால் துடைத்ததும் நான்தான். கொழும்புக்காரர்கள் பன்னிரண்டு மணிக்கு வந்து ஒன்றரை மணி வரை பேசினார்கள். சுமனுக்கு முதல் பரிசு, குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டி. மூன்றாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. கொழுந்து லொறியில் டவுனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். நேரம் கடந்துவிட்டது. நிமோனியா என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அவனைக் கடைசியாகக் குளிப்பாட்டியது அந்தப் பரிசுத் தொட்டியில்தான். வீட்டில் வேறு புதுப் பாத்திரம் இல்லை.

அடக்கத்துக்கு நோரா மிஸ் வந்தார். புஷ்பம் அழுகையை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று மாதத்தில் மிஸ் ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் மற்ற மூவரும் போனார்கள். வெள்ளைக்காரி கண் பட்டுத்தான் பிள்ளை போனது என்று லயம் முழுக்கப் பேச்சு. புஷ்பம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணுமில்ல மண்ணுமில்ல. நான் வாயத் தொறந்து சொன்னேன். அவ கேக்கல" என்பாள். பிறகு என் தலையைத் தடவி, "நீ என்னா செய்வ. சொன்னத அப்படியே சொன்ன. அவ மனசு கல்லு" என்பாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கு நாளைக்கு என்று வருடங்கள் போயின. எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்குக் கொழும்பில் கடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். தொண்ணூற்றெட்டில் ஷாமிளா பிறந்தபோது எனக்கு அம்மா இல்லை. புஷ்பம் வந்து முப்பது நாள் என் வீட்டில் படுத்து, எனக்குக் காய மருந்து அரைத்துக் கொடுத்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி எடுத்தாள். அவளுக்கு அதன் பிறகு பிள்ளை தங்கவில்லை. ஷாமிளாவுக்கு அவள்தான் பெரியம்மா. நர்சரி விட்டால் நேரே அங்கேதான் ஓடுவாள், சாப்பாடும் அங்கே, தூக்கமும் அங்கே. யாருக்குச் செய்கிறாள் என்று தெரியாமல் செய்தாள். நானும் தெரிந்துகொண்டே வாங்கிக்கொண்டேன்.

மிஸ் வந்தது இரண்டாயிரத்து மூன்று பெப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. யுத்தம் நின்றிருந்த வருடம் என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் பயமில்லாமல் வந்து போனார்கள். தெரணியகலை முக்தாரின் திரீவீலர் மூச்சிரைத்துக்கொண்டு ஏறி வந்து நின்றது. முக்தார் இறங்கி, "கோகிலா தங்கச்சி, இந்தாங்க ஒங்கட மிஸ். வளைவுக்கு வளைவு நிப்பாட்டச் சொல்லி மலையப் பாத்து அழுதுக்கிட்டு வாறாங்க. எனக்கு என்ன செய்யிறண்டு வெளங்கல்ல" என்றார்.

மிஸ் இளைத்திருந்தார். நெற்றியோர முடி நரைத்திருந்தது. நெஞ்சோடு துணியில் கட்டியிருந்த பிள்ளை, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல் எங்கள் லயத்துச் சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கேள்வி எல்லாம் என் வழியாகத்தான். தாய்ப்பால் கொடுக்கிறார்களா, எத்தனை பல், முடி ஏன் சோளக் குஞ்சம் மாதிரி இருக்கிறது, மொட்டை போட மாட்டார்களா. "அவுக ஊர்ல காது குத்த மாட்டாகளா? பாவம்" என்று ஒருத்தி பரிதாபப்பட்டாள். இன்னொருத்தி கேட்காமலே கண்மையைத் தொட்டுக் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். மிஸ் ஆடாமல் அசையாமல் பிள்ளையின் முகத்தைப் பிடித்துக் கொடுத்தார். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் பிள்ளைக்காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்தார். "புஷ்பம் எங்கே?"

"மலையில் வேலை. சுகமும் இல்லை. பார்க்க வரமாட்டாள் என்று நினைக்கிறேன் மிஸ்" என்றேன். பொய் எனக்கு இன்னும் அத்தனை சுளுவாக வந்தது.

"காத்திருக்கிறேன். அதற்காகத்தான் வந்தேன்." பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே பேசினார். "இவளுக்கு முன் எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன, கோகிலா. இரண்டு தடவையும் சுமன் முகம்தான் வந்தது. அடக்கத்தன்று புஷ்பம் என்னைப் பார்த்த பார்வை... அது துக்கம் மட்டும் இல்லை. நான் தெரிந்தே ஏதோ செய்தது மாதிரி பார்த்தாள். என்ன செய்தேன் என்று தெரியாமலே எட்டு வருடம் இருந்துவிட்டேன். இவளைக் கையில் வாங்கியதும், இனிமேல் முடியாது, போய்க் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது."

ஒரு பிள்ளையை எழுப்பிச் சும்மாவே துணி மாற்றினேன்.

நாலரைக்குக் கொழுந்து நிறுத்து முடிந்திருக்கும். ஐந்து மணிக்குப் புஷ்பத்தின் புருஷன் பழனியாண்டி வந்தார். உள்ளே வரவில்லை. "அவ வரச் சொல்றா. ரெண்டு பேரையும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

புஷ்பம் முகம் கழுவிச் சேலை மாற்றி இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தாள். லயத்து அறைக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில் மிஸ்ஸுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தாள். தான் எதிரே பாயில் உட்கார்ந்தாள். பழனியாண்டி படியில் உட்கார்ந்தார். உள்ளே ஷாமிளா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் சுமனை மறக்கவில்லை என்று சொல்" என்றார் மிஸ். சொன்னேன்.

"நானும் மறக்கல. என்னாத்துக்கு வந்தாங்கன்னு கேளு."

"மன்னிப்புக் கேட்க. அந்தப் போட்டியை நான் வைத்திருக்கவே கூடாது." அதையும் சொன்னேன். அதுவரை வார்த்தைக்கு வார்த்தை சரியாகத்தான் சொன்னேன்.

புஷ்பம் கொஞ்ச நேரம் மிஸ்ஸின் பிள்ளையைப் பார்க்காமல் மிஸ்ஸின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"போட்டி வச்சதுல தப்பில்ல. அவங்களால தான் எம் புள்ள எட்டு மாசம் இருந்துச்சு, அது எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்குக் காலையில மழையோட மழையா வந்து சொன்னேன். புள்ளைக்கு நெஞ்சு சரியில்ல, விட்டுருங்கன்னு சொன்னேன். எங் கையப் புடிச்சிச் சிரிச்சிக்கிட்டு பத்து மணின்னாங்க. அது ஏன்? அத மட்டும் கேளு கோகிலா. வேற மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் எனக்கு வேணாம்."

மிஸ் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

அதே கேள்வி. மழைதான் இல்லை.

பொய் தயாராகவே இருந்தது. ஏன் இத்தனை வருடம் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று கேட்கிறாள் என்று சொன்னால் போதும். மிஸ் அழுவார். அந்த அழுகையைப் பார்த்துப் புஷ்பமும் அழுவாள். நான் இரண்டு பக்கமும் நாலு நல்ல வார்த்தை போட்டு முடித்துவிடுவேன். ஷாமிளாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். நாளைக்கும் அவள் இங்கே வந்து சாப்பிடுவாள். உண்மையைச் சொன்னால் என் பிள்ளைக்குப் பெரியம்மா இல்லை. எனக்கு இந்த வாசல் இல்லை. நன்றாகத் தெரிந்தது.

அப்போது மிஸ்ஸின் மடியில் இருந்த பிள்ளை இருமியது. ஒரு சின்ன இருமல், எச்சில் புரையேறியிருக்கும். புஷ்பத்தின் உடம்பு தூக்கிப்போட்டது. பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கை தானாக நீண்டது. தனக்கு எதிரி என்று நினைத்த பெண்ணின் பிள்ளை அது. நீண்ட கையைப் பார்த்ததும் அவளுக்கே வெட்கமாகி மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

முதலில் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அந்த மொழியில் எனக்கு வெட்கம் குறைவு. அன்றைக்குப் புஷ்பம் சொன்னது இது, நான் உங்களிடம் சொன்னது இது, உங்கள் பெயரில் அவளிடம் சொன்னது இது என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். மிஸ்ஸின் முகம் வெளுத்துப்போனது. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, "உனக்குப் பத்தொன்பது வயது, கோகிலா. நீயே ஒரு பிள்ளை" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை சீக்கிரம் என்னை விட்டுவிட இவர் யார்? செத்தது இவருடைய பிள்ளையா? கையை உருவிக்கொண்டேன்.

"என்னா சொன்ன? எதுக்கு ஒங் கையப் புடிக்கிறாங்க?" என்றாள் புஷ்பம்.

தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தூணை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னத நான் மிஸ்கிட்ட சொல்லலக்கா. புள்ளைய எத்தன மணிக்குக் கொண்டாரணும்னு நீங்க கேக்குறதாச் சொன்னேன். அதுக்குத்தான் பத்து மணின்னாங்க. கட்டாயம் வரணும்னு அவங்க சொல்லவே இல்ல. அது நானாச் சொன்னது. எனக்கு வேல கெடைக்கணும்னு சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா."

படியில் உட்கார்ந்திருந்த பழனியாண்டி எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மெதுவாக இறங்கித் தண்ணீர்ப் பீலிப் பக்கம் நடந்து போனார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

புஷ்பம் அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "குடு" என்று மிஸ்ஸை நோக்கிக் கையை நீட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மிஸ் துணியை அவிழ்த்துப் பிள்ளையைக் கொடுத்தார்.

புஷ்பம் அதை மடியில் கிடத்திச் சட்டையை விலக்கினாள். குனிந்து அதன் நெஞ்சில் காதை வைத்தாள். அந்தப் பிள்ளை அவளுடைய காதோலையைப் பிடித்து இழுத்தது. அவள் அசையவில்லை. ஒரு பக்கம் கேட்டாள், மறுபக்கம் கேட்டாள், புரட்டி முதுகில் கேட்டாள். பிறகு சட்டையை இறக்கிவிட்டு, தலையைத் தூக்காமலே என்னிடம் பேசினாள்.

"சளி இல்ல. நெஞ்சு சுத்தமா இருக்கு. பனி எறங்குறதுக்கு முன்னுக்கு டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிறச் சொல்லு. தலைக்கு ஏதாச்சும் போடச் சொல்லு. இதயாச்சும் ஒழுங்காச் சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. மிஸ் கீழே இறங்கி, பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினார். புஷ்பம் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் முதுகைத் தடவினாள். எட்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சுமனுக்காகச் சேர்ந்து அழுதார்கள். நான் அங்கே இருந்ததை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். நல்லதுதான் என்று நினைத்தேன்.

வயிற்றிலேயே போன தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றி மிஸ் சொன்னார், அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். புஷ்பம் மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

மிஸ்ஸை முக்தாரின் திரீவீலரில் ஏற்றிவிட்டு ஷாமிளாவை எடுக்கத் திரும்பி வந்தேன். புஷ்பம் வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் படியில் ஒரு காலை வைத்தேன்.

"அங்கயே நில்லு" என்றாள். "எட்டு வருசம் அந்தப் பொம்பளையத் திட்டினேன். காலையில எந்திரிச்சாத் திட்டு. மலையில கொழுந்துக்கு நெற புடிச்சாத் திட்டு. நெருப்பு மூட்டுறப்பக்கூட அவளத் திட்டித்தான் மூட்டுவேன். அவ புள்ள ரெண்டு வயித்துலயே போச்சாமே. அதுவும் என் வாயாலதானோ என்னமோ."

"அப்படியெல்லாம் இல்லக்கா. என்னயத் திட்டுங்கக்கா."

"திட்டத்தான் போறேன். ஒரு நாளையில தீராது. அவளுக்கு எட்டு வருசம்னா ஒனக்கு எவ்வளவுன்னு எனக்கே தெரியல." குரல் அப்போதுதான் உடைந்தது. "எம் புள்ள பொட்ட ஒங் கையால அழிச்சிட்டு, எங்கிட்டயே மருந்தும் வாங்கிக் குடிச்சியேடி. ஷாமிளா எப்பவும் போல வரட்டும். அவ எம் புள்ள. நீ இந்தப் படிய மிதிக்காத."

உள்ளே போய்ப் பிள்ளையை எடுத்துவந்தாள். தூக்கம் கலையாமல் அவள் கழுத்தைக் கட்டியிருந்த கையை ஒவ்வொரு விரலாக எடுத்து, என் தோளில் போட்டாள்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. மிஸ் வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஈவா பள்ளிக்கூடம் போகிறாளாம். புஷ்பத்தின் கடிதத்தையும் நான்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். புஷ்பம் டவுனில் யாரையோ பிடித்து எழுதிக்கொள்கிறாள். பாதையில் எதிர்ப்பட்டால் நான் ஒதுங்கி நிற்பேன், அவள் நேரே பார்த்துக்கொண்டு போவாள். ஷாமிளா தினமும் அங்கே போகிறாள். தலை பின்னி, பூ வைத்து, வயிறு நிறைந்து வருகிறாள்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையை வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாள். பதினொரு வயது, என் உயரத்துக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, நீங்க ஏன் பெரியம்மா வீட்டுக்கு வாறதே இல்ல?"

"பெரியம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். ஒங்கம்மாகிட்டயே கேளு, இப்ப அவ சரியாத்தான் சொல்லுவான்னாங்க."

அடுப்பில் இருந்த பானையை இறக்கி வைத்தேன். அவளை உட்காரச் சொன்னேன். மழையில் புஷ்பம் ஓடிவந்ததிலிருந்து தொடங்கினேன். துவாயைக் கழற்றியதைச் சொன்னேன், பொட்டைத் துடைத்ததைச் சொன்னேன். அவள் பிறந்தபோது முப்பது நாள் யார் கையால் நான் மருந்து குடித்தேன் என்பதையும் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் ஷாமிளா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள்.